லாஸ்பேட்டையில் ஹைட்ரஜன் விமானம் எப்போது இறங்கும்?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "ஐயா, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டாரைச் சுற்றும் விமானம் பறந்துவிட்டது, புகையே கிடையாது, வெறும் தண்ணீர்தான் வெளியே வரும் என்கிறார்கள். பாண்டிக்கு வருகிற ஏடிஆர் மாதிரி விமானங்கள் இப்படி மாறுமா? எப்போது? பேட்டரியே போதாதா? இதில் ஃபைனல் இயர் புராஜெக்ட் எடுக்கலாமா?"

தம்பி, பறந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் இந்த விஷயத்தில் பறப்பதுதான் சுலபமான பகுதி. மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றும், புரொப்பெல்லர் இழுக்கும், விமானம் எழும்பும். கஷ்டம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று டேங்க், அங்கே மைனஸ் 253 டிகிரி குளிரைக் கட்டிக் காக்கவேண்டும். மற்றது ரேடியேட்டர், அங்கே மெகாவாட் கணக்கில் சூட்டை வெளியே தள்ளவேண்டும். இரண்டும் ஒரே விமானத்துக்குள், சில மீட்டர் இடைவெளியில். செய்திகளில் இந்த இரண்டையும் விட்டுவிட்டுத் தண்ணீர் சொட்டுவதைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

நான் விமானத்துறைக்காரன் இல்லை. ஒரு காஸ்டிக் சோடா ஆலையில் ஹைட்ரஜன் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். உப்புநீரில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக்கும் குளோரினும் வரும், கூடவே ஹைட்ரஜனும் வரும். ஒரு டன் காஸ்டிக்குக்கு 25 கிலோ. இப்போது ஓய்வு, வீடு பாண்டி விமான நிலையம் இருக்கிற லாஸ்பேட்டையில். பெங்களூருவிலிருந்து வரும் ஏடிஆர் புரொப்பெல்லர் விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலாகத்தான் இறங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனக்கணக்குப் போடுவது பழக்கமாகிவிட்டது.

ஹைட்ரஜன் எப்படிப்பட்ட சரக்கு என்று முதலில் ஒரு சிலிண்டரை வைத்துச் சொல்கிறேன். வீட்டு கேஸ் சிலிண்டரில் சுமார் 15 கிலோ இரும்புக்குள் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. ஹைட்ரஜன் சிலிண்டர் சிவப்பாக, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். வால்வின் மரை இடப்பக்கத்து மரை, புதுப் பையன்கள் எல்லோரும் முதல் நாள் தப்பாகத்தான் திருகுவார்கள். அதன் எடை ஏறக்குறைய 60 கிலோ. உள்ளே 150 பார் அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ரஜன் எவ்வளவு தெரியுமா? அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நிரம்பிய சிலிண்டருக்கும் காலியானதற்கும் தூக்கிப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. அந்த அரைக் கிலோவில் சுமார் 20 யூனிட் அளவுக்கு ஆற்றல் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் விமான எரிபொருளைவிட ஹைட்ரஜனில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றல். இடத்துக்கு இடம் பார்த்தால், திரவமாக்கின பிறகும்கூட, நாலில் ஒரு பங்குதான். விமானம் செய்பவர்களின் தலைவலி முழுக்க இந்த இரண்டு வாக்கியத்துக்குள் அடக்கம்.

இன்னொரு குணம், அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் மதியம், நல்ல வெயில், எங்கள் ஆலையில் வாயுவை வெளியேற்றும் வென்ட் குழாய்ப் பக்கம் ஒரு ஃபிளாஞ்சில், அதாவது குழாய் இணைப்பில், கசிவு. சத்தம் கேட்கிறது, எதுவும் தெரியவில்லை. ஷிஃப்டில் இருந்த பெரியவர் ஒரு நீளமான தென்னந்துடைப்பத்தை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நடந்தார். நாங்கள் சிரிக்கவில்லை, மூச்சுகூட விடவில்லை. ஃபிளாஞ்சுக்கு ஒரு முழம் தள்ளித் துடைப்பத்தின் நுனி திடீரென்று பற்றிக்கொண்டது. அங்கே தீ அதுவரை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வால்வை அடைத்தார்கள், நைட்ரஜனைச் செலுத்தினார்கள், முடிந்தது. துடைப்பம் நம் ஊர்ச் சாமர்த்தியம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ராக்கெட் ஏவுதளங்களிலும் அந்தக் காலத்தில் இதே வித்தைதான் என்று பிறகு தெரிந்தது. இப்போது அதற்கெல்லாம் சென்சார் வந்துவிட்டது.

உடனே 1937-இல் எரிந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலைச் சொல்வார்கள். அதில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திறந்தவெளியில் ஹைட்ரஜன் சரசரவென்று மேலே போய்விடும். பெட்ரோல் மாதிரி தரையில் பரவித் தேங்காது. மூடிய இடத்தில் சேர்ந்தால்தான் எமன். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் பற்றும். விமானத்தின் வால் பகுதிக்குள் டேங்க் வைக்கிறவர்கள் காற்றோட்டத்துக்கு ஏன் அவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, யார் யார் பறந்தார்கள் என்று சுருக்கமாக. 1988-இலேயே சோவியத் நாட்டில் டுபொலெவ் 155 திரவ ஹைட்ரஜனில் பறந்தது. ஆனால் அது ஜெட் எஞ்சினில் நேராக எரித்தது. நீங்கள் கேட்கும் வகையில் ஹைட்ரஜனை எரிப்பதில்லை. ஃப்யூவல் செல்லில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரவிட்டு மின்சாரம் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கிறார்கள். 2023 ஜனவரியில் இங்கிலாந்தில் ஜீரோஏவியா நிறுவனம் 19 இருக்கை டோர்னியர் 228 ஒன்றை இப்படிப் பறக்கவிட்டது. இடது இறக்கையில் ஹைட்ரஜன்-மின் எஞ்சின், வலதில் வழக்கமான எஞ்சின், மொத்தம் 10 நிமிஷம். நம் கான்பூரில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் தயாரிப்பதும் இதே டோர்னியர் 228-தான். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவில் யுனிவர்சல் ஹைட்ரஜன் என்ற நிறுவனம் டாஷ் 8 விமானத்தின் ஒரு பக்கத்து எஞ்சினை மாற்றி 15 நிமிஷம் பறந்தது. செப்டம்பரில் ஜெர்மனியின் எச்2ஃப்ளை, ஸ்லோவேனியாவில், திரவ ஹைட்ரஜனை வைத்து ஒரு சிறு விமானத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் பறக்கவைத்தது. என் பார்வையில் மூன்றில் பெரிய சாதனை இதுதான், டேங்கின் காரணமாக.

அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். யுனிவர்சல் ஹைட்ரஜன் 2024-இல் பணம் தீர்ந்து மூடப்பட்டது. அவர்கள் மாற்றித் தருவதாகக் குறிவைத்திருந்தவற்றில் ஒன்று, நம் ஊருக்கு வருகிற அதே ஏடிஆர் 72. ஏர்பஸ் 2035-இல் ஹைட்ரஜன் விமானத்தைச் சேவைக்கு விடுவதாக 2020-இல் அறிவித்தது. 2025-இல் ஐந்து முதல் பத்து ஆண்டு தள்ளிப்போகும் என்றது. ஆனால் தள்ளிப்போட்ட கையோடு ஹைட்ரஜனை எரிக்கும் வடிவத்தை ஒதுக்கி, ஃப்யூவல் செல்லோடு 2 மெகாவாட் மோட்டார் நான்கு என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. கைவிடவில்லை என்று அதிலிருந்து புரிந்துகொள்கிறேன்.

ஒரு விபத்தையும் நீங்கள் படித்துவைத்திருக்கவேண்டும். 2021 ஏப்ரலில் ஜீரோஏவியாவின் ஆறு இருக்கைச் சோதனை விமானம் வயலில் இறங்கி ஒரு இறக்கை பிய்ந்தது, யாருக்கும் காயமில்லை. ஹைட்ரஜன் கசிந்ததோ வெடித்ததோ இல்லை. பேட்டரியை நிறுத்தி ஃப்யூவல் செல்லுக்கு மட்டும் மாறும் சோதனையின்போது மின்சாரம் போய்விட்டது. காற்றில் தானாகச் சுற்றிய புரொப்பெல்லர் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி, எதிர் வோல்டேஜை ஏற்றிவிட்டது. பாதுகாப்புச் சுற்று அதைப் பார்த்து மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழியை அடைத்துக்கொண்டது. மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் பவர் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் தூங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி பாண்டிக் கணக்கு. லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் நேர்கோட்டில் 270 கிலோமீட்டருக்குள். ஏடிஆர் 72 இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய அரை டன் எரிபொருள் குடிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு ஒன்றரை டன்னுக்கு மேல்.

பேட்டரி போதாதா என்று கேட்டீர்கள். இதே வேலைக்கு இன்றைய பேட்டரி 11 டன் வேண்டும். மாற்று விமான நிலையத்துக்குப் போகவும் வட்டமடிக்கவும் கட்டாயமாகக் கையிருப்பு வைக்கவேண்டும். அதையும் சேர்த்தால் 20 டன்னைத் தொடும். ஏடிஆர் 72-இன் அதிகபட்ச மொத்த எடையே 23 டன்தான். ஆள் ஏற இடமில்லை. நாலு பேர் ஏறும் பயிற்சி விமானத்துக்குப் பேட்டரி சரி, இதற்கு ஆகாது.

ஹைட்ரஜன் என்றால், ஃப்யூவல் செல் பழைய எஞ்சினைவிடச் சிக்கனம் என்பதால், 120 முதல் 150 கிலோ போதும் என்பது என் கணக்கு. கேட்க இனிக்கிறது. எதில் வைப்பது? கார்பன் நார் சுற்றிய நவீன உயர் அழுத்தச் சிலிண்டரிலும் மொத்த எடையில் 5, 6 சதவீதம்தான் ஹைட்ரஜன். 150 கிலோவுக்கு டேங்க் மட்டும் இரண்டரை டன். கையிருப்புக்கும் சேர்த்தால் 5 டன். ஏடிஆர் 72 சுமக்கக்கூடிய பயணிகளும் பெட்டிகளும் சேர்ந்தே ஏழரை டன் சொச்சம். அதனால் சின்ன விமானத்துக்கு அழுத்த வாயு, பெரிய விமானத்துக்குத் திரவம் என்று ஆகிவிட்டது.

திரவ ஹைட்ரஜன் சும்மா குளிர்ந்த திரவம் இல்லை. இரண்டு சுவர், நடுவே வெற்றிடம், பல அடுக்குக் காப்பு. பெரிய ஃபிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையாகவோ உருண்டையாகவோதான் செய்யமுடியும், இறக்கைக்குள் நுழையாது. வால் பக்கம் சில வரிசை இருக்கைகளைப் பிடுங்கித்தான் வைக்கவேண்டும். எவ்வளவு காத்தாலும் கொஞ்சம் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதை வெளியே விட்டே ஆகவேண்டும். குழாயில் காற்று புகுந்தால் அந்தக் குளிரில் காற்றே கல்லாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆலையில் எதற்கெடுத்தாலும் நைட்ரஜன் போட்டு ஊதுவோம். இங்கே நைட்ரஜனும் உறைந்துவிடும், ஹீலியம்தான் வேண்டும். இன்னொரு வேடிக்கை: ஹைட்ரஜன் மூலக்கூறில் ஆர்த்தோ, பாரா என்று இரண்டு வகை. குளிரவைத்த பிறகு ஆர்த்தோ மெல்ல மெல்லப் பாராவாக மாறும், மாறும்போது சூடு விடும். அந்தச் சூடு, திரவத்தை ஆவியாக்கத் தேவைப்படும் சூட்டைவிட அதிகம். வெளியிலிருந்து யாரும் சூடேற்றாமலே டேங்க் தானாகக் காலியாகும். இதைத் தடுக்கத் திரவமாக்கும்போதே வினையூக்கி வைத்து மாற்றிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் இதெல்லாம் தெரிந்த இடம் மகேந்திரகிரி. இஸ்ரோவின் கிரையோஜெனிக் எஞ்சின்களுக்குத் திரவ ஹைட்ரஜன் அங்கே அன்றாடச் சரக்கு. ஆனால் ராக்கெட் டேங்கை ஒருமுறைதான் நிரப்புகிறார்கள். விமானத்துக்கு ஒரு நாளில் பலமுறை, ஆயிரக்கணக்கான தடவை, சூடும் குளிருமாக மாறி மாறி நிரப்பவேண்டும்.

இப்போது சூடு. எனக்குப் பிடித்த பகுதி இது.

ஏடிஆர் 72-600 எழும்பும்போது ஒவ்வொரு எஞ்சினும் சுமார் 1.85 மெகாவாட் கொடுக்கும். ஃப்யூவல் செல் பாதி ஆற்றலை மின்சாரமாக்கினால் மறுபாதி சூடு. இரண்டு பக்கமும் சேர்த்துக் குறைந்தது 3.7 மெகாவாட் சூடு. நம் தெருவில் போடுகிற 2 கிலோவாட் கீசர்கள் 1,850 ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. பழைய எஞ்சினிலும் இதைவிட அதிகமாகவே சூடு வரும். ஆனால் அது புகைக்குழாய் வழியாகத் தானே வெளியே போய்விடும், யாரும் தூக்கிக் கொட்டவேண்டாம். ஃப்யூவல் செல் புகை விடுவதில்லை, அதனால் அந்த வசதியும் இல்லை. சூடு முழுக்கக் குளிர்நீருக்குள் இறங்கி ரேடியேட்டருக்கு வந்தாகவேண்டும்.

அந்தக் குளிர்நீர் 80 டிகிரிதான். இன்றைய சாதாரண ஃப்யூவல் செல் சவ்வு அதற்கு மேல் தாங்காது, காய்ந்துவிடும். இங்கிலாந்தில் 15 டிகிரி காற்றில் சோதனை செய்கிறவருக்கு 65 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் லாஸ்பேட்டை ரன்வே மேல் 40 டிகிரி. வித்தியாசம் 40 மட்டும். அதாவது அதே சூட்டைத் தள்ள நமக்கு ரேடியேட்டர் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். பெரிய ரேடியேட்டர் காற்றை எதிர்க்கும், எடை கூடும், இன்னும் சக்தி கேட்கும், அதனால் இன்னும் சூடு. நம் ரன்வேயோ சுமார் 1,500 மீட்டர். மெதுவாக ஏறலாம் என்று சலுகை கேட்க முடியாது, முழுச் சக்தியும் கொடுத்தே எழும்பவேண்டும். ஐரோப்பாவில் சான்றிதழ் வாங்கிய விமானம் மே மாதம் மதியம் பாண்டியில் எழும்புமா என்பது தனிக் கேள்வி. இதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

டேங்கில்தான் மைனஸ் 253 டிகிரி இருக்கிறதே, அந்தக் குளிரை வைத்தே இந்தச் சூட்டை அணைக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். கணக்குப் போட்டேன். ஒரு கிலோ திரவ ஹைட்ரஜன் ஆவியாகி 80 டிகிரி வரை சூடேற சுமார் 4.5 மெகாஜூல் உறிஞ்சும். அதே ஒரு கிலோ ஃப்யூவல் செல்லில் 60 மெகாஜூல் சூடு விடும். நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு தீர்ந்தது, மீதி அப்படியே நிற்கிறது.

வழி இல்லாமல் இல்லை. 160 டிகிரிக்கு மேல் ஓடும் உயர் வெப்ப ஃப்யூவல் செல்லை முயல்கிறார்கள். அது வந்தால் 40 டிகிரி வெயில் பெரிய பொருட்டே இல்லை. ஜீரோஏவியா 2022-இல் அதற்கென்றே ஹைபாயின்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. இன்னொன்று பழைய தந்திரம்: ரேடியேட்டரைச் சரியான வடிவக் கூண்டுக்குள் வைத்தால், சூடேறி விரியும் காற்று பின்னால் வேகமாக வெளியேறிக் கொஞ்சம் தள்ளுவிசை கொடுக்கும். 1930-களில் மெரிடித் என்பவர் கண்டுசொன்னது. கடலோர உப்புக்காற்று வேறு இருக்கிறது, ஃப்யூவல் செல்லுக்கு உப்பு ஆகாது. காற்று வடிகட்டியைச் சரியாகப் போட்டால் சமாளித்துவிடலாம்.

புகையே இல்லை என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். விமானத்தில் இல்லை. தரையில்? 150 கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரித்துத் திரவமாக்க ஏறக்குறைய 10,000 யூனிட் மின்சாரம் வேண்டும். கடலூரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிறதே, அந்த மாதிரி நூறு வீட்டு இலவசம், ஒரே ஒரு பெங்களூருப் பயணத்துக்கு. அந்த மின்சாரம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்தால் யூனிட்டுக்கு ஒரு கிலோ வீதம் 10 டன் கார்பன் டை ஆக்சைடு. பழைய ஏடிஆர் விட்டது ஒன்றரை டன். புகையை வானத்திலிருந்து எடுத்து நெய்வேலியில் ஆறு மடங்காக விட்டதுதான் மிச்சம். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் கிலோவுக்கு ஒன்பது, பத்துக் கிலோ கார்பன் டை ஆக்சைடு; பழையதும் புதியதும் சரிக்குச் சரி. சூரிய மின்சாரம் என்றால்தான் கதை மாறுகிறது: இரண்டரை மெகாவாட் பேனல், பத்துப் பன்னிரண்டு ஏக்கர், ஒரு நாளைக்கு ஒரு பயணம். 2023 ஜனவரியில் மத்திய அரசு 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை அறிவித்தது. ஆனால் அங்கே கிடைக்கிற ஹைட்ரஜனுக்கு முதல் வரிசையில் உர ஆலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் நிற்கின்றன. அது நியாயமும்கூட; அவர்கள் ஏற்கெனவே எரிவாயுவிலிருந்து எடுத்த ஹைட்ரஜனைத்தான் உபயோகிக்கிறார்கள், டேங்கும் ரேடியேட்டரும் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் லாஸ்பேட்டைக்கு எப்போது? என் கணிப்பு இது, கணிப்பு மட்டும்தான்: முதலில் 9, 19 இருக்கைச் சின்ன விமானங்கள், குளிர்ப் பிரதேசங்களில். ஏடிஆர் அளவு 2040-ஐ ஒட்டி. நமக்கு அதற்கும் பிறகு. ஆனால் ஒரு வகையில் நம் ஊருக்கு வசதி. தூரம் குறைவு என்பதால் பெங்களூருவிலேயே போகவர இரண்டுக்கும் நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம், இங்கே திரவ ஹைட்ரஜன் கிடங்கே வேண்டாம். அரை மணி நேரம் நிற்பதில் பெரிதாக ஆவியாகாது. புயலுக்கு மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நின்றால்தான் சங்கடம். 'தானே' புயலுக்குப் பிறகு கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். இங்கே திரவமாக்கும் ஆலை வைக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.

புராஜெக்ட்டுக்கு ஹைட்ரஜனைத் தொடவேண்டாம். சிலிண்டர் வாங்க, வைக்க, அனுமதி வாங்க என்று வருஷம் ஓடிவிடும்; கல்லூரி ஆய்வகக் கூரைக்கடியில் கசிந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். சூட்டைப் பிடியுங்கள். பழைய கார் ரேடியேட்டர் ஒன்று காயலான் கடையில் எடுங்கள். 80 டிகிரித் தண்ணீரைச் சுற்றவிட்டு, முன்னால் ஃபேன் வைத்துக் காற்றின் வேகத்தை மாற்றி மாற்றி, எவ்வளவு சூடு வெளியேறுகிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு அட்டையில் கூண்டு செய்து மாட்டி, மெரிடித் சொன்னது வருகிறதா பாருங்கள். டிசம்பர் விடியற்காலையில் ஒரு தடவை, மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரண்டு அளவும் கட்டாயம் வேண்டும். மே மாத அளவு எடுக்கும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன்.